வரிசையிற் பதினேழாவது விளக்கு

அரசாங்கம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது யாது? பாராளுமன்றத்தின் பெரிய மண்டபமும், அமைச்சர்களின் வாகன வரிசையும், செய்தித்தாளின் முதற்பக்கத் தலைப்புமே. ஆயினும் காலையில் நாம் வாயிற்படியைத் தாண்டி ஒழுங்கையிற் கால் வைக்கும்போது எதிர்ப்படும் அரசாங்கம் வேறு. நேற்றுப் பெய்த மழைநீர் வடிந்துவிட்டதா, வேலியோரத்துக் குப்பை அள்ளப்பட்டதா, மாலை வகுப்பு முடிந்து மகள் திரும்பி வரும் வழியில் விளக்கு எரிகிறதா என்னும் கேள்விகளுக்கு விடை கூறக் கடமைப்பட்டது அதுவே. அதற்கு மண்டபம் சிறிது, வருமானம் சிறிது, புகழ் அவ்விரண்டினும் சிறிது. எனினும் நம் நாளாந்த வாழ்வின் சுகதுக்கங்களிற் பெரும்பகுதி அதன் கையிலேயே தங்கியிருக்கிறது.

அத்தகைய சிறு நகரசபையொன்றின் அங்கத்தவரைப் பற்றியே இந்த வாரம் எழுதப் புகுந்தேன். அவருடைய பெயரையோ ஊரையோ கூறேன். கூறாவிடினும் நம் நகரங்கள் ஒவ்வொன்றிலும் அவரைப்போன்ற ஒருவரை வாசகர்கள் அறிந்திருப்பார்கள், அறிந்திராவிடின் அறியவேண்டும்.

இலங்கையில் இவ்வகை ஆட்சிக்கு வயது குறைவன்று. 1865 ஆம் ஆண்டின் மாநகரசபைக் கட்டளைச் சட்டம் கொழும்புக்கும் கண்டிக்கும் சபைகளை அளித்தது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் 1906 இல் ஓர் உள்ளூர்ச் சபை ஏற்பட்டது. அது 1921 இல் நகர மாவட்ட சபையாகவும், 1940 இல் நகரசபையாகவும், 1949 இல் மாநகரசபையாகவும் வளர்ந்தது. சிறு நகரங்களுக்கென 1939 இல் இயற்றப்பட்ட நகரசபைக் கட்டளைச் சட்டமே இன்றும் அவற்றை ஆள்கின்றது. நம் பாட்டனார் காலத்துப் பட்டினசபைகளும் கிராமசபைகளும் 1981 உடன் மறைந்தன. 1987 ஆம் ஆண்டின் சட்டத்தினால் பிரதேச சபைகள் தோன்றின.

சட்டத்துக்குக் குறைவில்லை, குறைந்தது பழக்கமே. யாழ்ப்பாண மாநகரசபையை எடுத்துக்கொள்வோம். 1983 இல் அதற்குத் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 1998 இல். அதற்கடுத்தது 2009 இல். பின்னர் 2018 இல். கடைசியாக 2025 இல். நான்காண்டுக்கு ஒருமுறை புதிய சபை அமையவேண்டும் என்னும் விதியின்படி பார்த்தால், இந்த நாற்பத்திரண்டு ஆண்டுகளிற் பத்துத் தேர்தல்களேனும் நடந்திருத்தல் வேண்டும். நடந்தவையோ ஐந்து. அக்காலத்தில் அப்பதவி அச்சமில்லாத பதவியாகவும் இருக்கவில்லை. முதல்வராயிருந்த அல்பிரட் துரையப்பா 1975 இற் கொல்லப்பட்டார். 1998 இல் முதல்வராகத் தெரிவான சரோஜினி யோகேஸ்வரன் அவ்வாண்டு மே மாதத்திலும், அவருக்குப் பின் பதவியேற்ற பொன். சிவபாலன் செப்டெம்பர் மாதத்திலும் கொலையுண்டனர். வீதியையும் விளக்கையும் நூல்நிலையத்தையும் பேணவேண்டிய ஓர் ஆசனத்துக்கு இத்துணை விலை கொடுக்கப்பட்டது என்பதை நம் பிள்ளைகள் அறிதல் நன்று.

போர் முடிந்த பின்னும் தடை தீரவில்லை. 2018 இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சு மாதத்தில் முடிந்தது. அம்மாதம் 9 ஆம் திகதி நடக்கவேண்டிய தேர்தல் பணமில்லை என்னும் காரணத்தால் நடவாதொழிந்தது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என உயர் நீதிமன்றம் 2024 ஓகத்து மாதத்தில் தீர்ப்பளித்தது. இறுதியில் 2025 மே 6 ஆம் திகதி 339 சபைகளுக்கு வாக்களிப்பு நடைபெற்றது. இடைப்பட்ட ஈராண்டுக்கு மேலான காலத்திற் சபைகளைச் செயலாளர்களும் ஆணையாளர்களுமே நடத்தினர். அவர்களுள் நல்லவர்கள் பலர். எனினும் ஒழுங்கையில் வழிமறித்து, “தம்பி, எங்கள் மதகு என்னவாயிற்று?” என்று கேட்பதற்கு ஒருவர் இல்லாதிருந்தார்.

தேர்தலுக்குச் சில நாட்களின் முன் என் வகுப்பிலுள்ள மாணவர்களிடம், “நீங்கள் எந்த வட்டாரத்திற் குடியிருக்கிறீர்கள்?” என்று வினவினேன். முப்பத்தெட்டுப் பேருள் நால்வரே கையுயர்த்தினர். அமெரிக்க சனாதிபதியின் பெயரைக் கேட்டிருந்தால் முப்பத்தெட்டுக் கைகளும் உயர்ந்திருக்கும்.

இனி நான் கூற வந்த அங்கத்தவரிடம் செல்வோம். அவர் பத்தாண்டுகளின் முன் என்னிடம் உயர்தர வகுப்பிற் படித்தவர். அன்றாயின் ‘அவன்’ என்றே எழுதியிருப்பேன். இன்று அவர் ஒரு வட்டாரத்து மக்களின் பிரதிநிதி; ஆதலின் ‘அவர்’ என்பதே முறை. சென்ற ஆவணியில் ஒரு சனிக்கிழமை மாலை, துவிச்சக்கரவண்டியை வேலியிற் சாத்திவிட்டு வந்து எங்கள் விறாந்தையில் அமர்ந்தார். கையில் பாடசாலைப் பிள்ளைகள் பாவிக்கும் கொப்பி ஒன்றிருந்தது. தெரிவான நாள்முதல் வந்த முறைப்பாடுகளை எல்லாம் திகதி இட்டு அதில் எழுதி வைத்திருந்தார்.

அக்கொப்பியை வாங்கிப் படித்தேன். நாவலாசிரியன் ஒருவனுக்கு அது கிடைத்திருந்தால் ஒரு நகரத்தின் வரலாற்றையே எழுதிவிடுவான். உடைந்த மதகு ஒன்று. சந்தைக் கழிவறைக்குத் தண்ணீர் இல்லை. சுடலைக் கொட்டகையின் கூரைத்தகரம் காற்றிற் பறந்துவிட்டது. கட்டாக்காலி நாய்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத் துரத்துகின்றன. குப்பை வண்டி இரண்டு கிழமையாக வரவில்லை. பக்கத்து வீட்டு மலக்குழி எங்கள் கிணற்றுக்கு அண்மையில் வெட்டப்படுகிறது. கடைசியிற் சொன்னது சிறு விடயமன்று. சுண்ணக்கல்லின்மேல் அமைந்த குடாநாட்டு மண்ணில், நிலத்தில் இறங்குவது யாவும் நீரிற் சேரும். ஒரு வீட்டின் மலக்குழிக்கும் அடுத்த வீட்டின் கிணற்றுக்கும் இடையிலுள்ள தூரம் சட்டப் புத்தகத்திலுள்ள வெறும் இலக்கமன்று. குடிக்கும் தண்ணீரைக் காக்கும் எல்லை அது.

“இவற்றுள் எத்தனை உம்மால் இயலும்?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “சேர், பாதிக்கு நாங்கள் பொறுப்பே இல்லை. சனங்களுக்கு அது தெரியாது, ஆறு மாதத்துக்கு முன் எனக்கும் தெரியாது” என்றார்.

உண்மைதான். பொதுச் சுகாதாரம், பொதுவீதிகள், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள் ஆகிய மூன்றுமே சட்டம் சபைக்கு ஒப்படைத்த துறைகள். அவற்றுள்ளும் எல்லைகள் உண்டு. ஏ, பி வகுப்புப் பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு உரியன. சி, டி வகுப்பு வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்கு உரியன. எஞ்சிய சிறுவீதிகளும் ஒழுங்கைகளுமே சபையின் பங்கு. மின்கம்பம் மின்சாரத் துறையினருடையது. அதில் தொங்கும் வீதிவிளக்கோ சபையினுடையது. குழாய்நீர் நீர்வழங்கல் சபையின் பொறுப்பு. கிணற்றடியின் சுத்தம் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கண்காணிப்பு. இந்த எல்லைகளை அறியாத அங்கத்தவர் எல்லோருக்கும் “ஆகட்டும்” என்பார், ஒன்றும் ஆகாது. அறிந்தவர், “இது எங்களுடையதன்று, ஆனால் யாரிடம் போகவேண்டும் என்று சொல்கிறேன், விண்ணப்பத்தை எழுதியும் தருகிறேன்” என்பார். சேவையிற் பாதி அவ்வளவே.

பணத்தைப் பற்றியும் அவர் சொன்னார். சபையின் வருவாய் சோலைவரி, சந்தைக் குத்தகை, வியாபார உரிமக் கட்டணம், முத்திரைத் தீர்வையின் பங்கு முதலிய சிறு ஊற்றுக்களிலிருந்து வருவது. அதிற் பெரும்பகுதி குப்பை அள்ளுவதற்கும், வாகனங்களுக்கு எரிபொருள் ஊற்றுவதற்கும், அன்றாடச் சம்பளங்களுக்கும் போய்விடும். மிஞ்சுவதைக் கொண்டு இந்த ஆண்டு எந்த ஒழுங்கைக்குத் தார் போடுவது என்பதில், எல்லா வட்டாரங்களின் அங்கத்தவர்களும் ஒருவரோடொருவர் வழக்காடவேண்டும்.

இப்படிச் சிறிய அதிகாரமும் சிறிய பணமுமுள்ள சபையினால் ஆவதென்ன என்று சலிப்போர் உளர். அவர்களுக்கு இரண்டு செய்திகளை நினைவூட்டுவேன். இந்தியாவின் இரும்பு மனிதரெனப் பெயர்பெற்ற வல்லபாய் பட்டேல் தமது பொதுவாழ்வைத் தொடங்கியது அகமதாபாத் நகரசபையில்; 1917 இற் கொள்ளைநோய் பரவியபோது அச்சபையின் சுகாதாரக் குழுவுக்குத் தலைவராக நின்று ஊழியம் செய்தார். அதே காலத்தில் நம் தமிழகத்திற் சேலம் நகரசபைக்கு இராசகோபாலாச்சாரியாரும் ஈரோடு நகரசபைக்கு ஈ. வெ. இராமசாமியும் தலைவர்களாயிருந்தனர். கொள்கையிற் பிற்காலத்தில் இரு துருவங்களாகிய அவ்விருவருக்கும் பொதுவாயிருந்த பயிற்சிக்கூடம் குழாயும் வாய்க்காலுமே.

மற்றது நம் வீட்டுச் செய்தி. 1933 இல் க. மு. செல்லப்பா என்னும் பெரியார் தமது இல்லத்திலிருந்த நூல்களை அயலவருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது பொது நூல்நிலையமாயிற்று. 1935 இல் நகரத்தின் சபை அதனைப் பொறுப்பேற்றது. 1959 இல் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வரலாறு அங்கே தொடங்குகின்றது. ஆண்டுதோறும் அங்கத்தவர்கள் கையுயர்த்தி ஒதுக்கிய சிறு சிறு தொகைகளும் அந்த வெண்மாளிகையின் கற்களே. 1981 இல் அது எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரு நகரசபையின் சொத்து எரிந்ததற்காக உலகம் கண்ணீர் விட்டதென்றால், நகரசபையின் பணியைச் சிறிதென்று எங்ஙனம் கூறுவது?

இவற்றை எல்லாம் நான் சொல்லி முடித்த பின்னும் அந்த இளைஞரின் முகம் தெளியவில்லை. கொப்பியின் இடையில் ஒரு பக்கத்தைப் புரட்டி என்முன் வைத்தார். “சேர், இதற்காகத்தான் வந்தேன்” என்றார்.

விடயம் இதுதான். அவருடைய வட்டாரத்திற் சந்தைக்குப் பின்புறமாக ஒரு வெள்ளவாய்க்கால் ஓடுகிறது. அது பழைய குளமொன்றை நோக்கிச் செல்லும் வழி. கடந்த சில ஆண்டுகளில், கேட்பாரில்லாத காலத்தில், கடைக்காரர் ஒருவர் தமது களஞ்சியத்தின் பின்சுவரை வாய்க்காலின்மேல் நீட்டிக் கட்டிவிட்டார். அதனால் மாரியில் வெள்ளம் திரும்பிக் கீழ்ப்புறத்து ஒழுங்கைக்குள் ஏறும். அங்கே பதினொரு வீடுகள். கடைக்கோடி வீட்டில் தனியே வாழும் மூதாட்டியின் கிணற்றுக்குள் மலக்குழி நீரும் வெள்ளமும் கலந்து, சென்ற மாரியில் ஒரு மாதகாலம் அவர் அயல் வீட்டிற் குடிநீர் அள்ளினார். முறைப்பாடு கொடுத்தவர் அவரே. தேர்தலில் அவர் எதிர்க்கட்சிக்கு வாக்குக் கேட்டு நடந்தவர். அதனை மறைப்பவரும் அல்லர்.

சுவரைக் கட்டியவரோ நம் அங்கத்தவரின் தாய்மாமன்.

“தகப்பன் இல்லாத எங்களை வளர்த்தவர் மாமா, சேர். அக்காவின் கலியாணத்தை நடத்தியவரும் அவர்தான். தேர்தலுக்கு எனக்காக வீடு வீடாகப் போனார். நான் போய்ப் பேச்செடுத்தபோது, ‘மருமகன், உம்மைச் சபைக்கு அனுப்பினது என்ரை சுவரை இடிக்கவோ?’ என்று கேட்டார். நான் திரும்பி வந்துவிட்டேன்.”

இதற்கு உடனே விடை சொல்ல எனக்கும் இயலவில்லை. வகுப்பறையில் அறநூல் கற்பிப்பது எளிது. சோறிட்ட கையை நோக்கிச் சட்டப் புத்தகத்தை நீட்டுவது எளிதன்று. ஆகவே என் தொழிலுக்கேற்ப ஒரு பழங்கதையைச் சொன்னேன். கதையன்று, கல்லில் வெட்டிய வரலாறு.

காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி. பி. 919 இலும் 921 இலும் பொறிக்கப்பட்ட இரு சாசனங்கள் உள. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரியும் முறையை அவை விரிக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இக்காலத்து வட்டாரம் போன்றது அது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். ஏரியைப் பேண ஏரிவாரியம், தோட்டங்களைப் பேணத் தோட்டவாரியம் எனப் பணிகள் பிரிந்திருந்தன. முப்பத்தைந்து வயதுக்குக் குறைந்தவரும் எழுபதுக்கு மேற்பட்டவரும் பெயர் கொடுக்க இயலாது. நிலமில்லாதோருக்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை. வேதம் கற்ற பிராமணரின் சபை அது. ஆகவே இக்காலத்துக்கு அதை அப்படியே முன்மாதிரியாகக் கொள்வதற்கில்லை. 2018 முதல் நம் சபைகளிற் காலிடம் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டிருப்பது அவர்கள் எண்ணியும் பாராதது.

எனினும் அச்சாசனத்திற் கற்கவேண்டிய விதி ஒன்றுண்டு. முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் தெரிவாதற்கு உரியனல்லன் என்பதோடு அது நிற்கவில்லை. அவனுடைய உறவினரும் உரியரல்லர் என்று கூறி, யார் யார் உறவினர் என்பதையும் அடுக்கிச் செல்கின்றது. அப்பட்டியலில் தாயுடன் பிறந்தானும் உண்டு!

“ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே மாமனைப் பற்றி யோசித்திருக்கிறார்கள், தம்பி” என்றேன். அன்று மாலை அவர் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

ஏன் அவ்வாறு விதித்தனர்? ஒருவன் செய்த குற்றத்துக்கு உறவினரைத் தண்டிப்பது கொடுமையன்றோ என்று தோன்றும். நான் விளங்கிக்கொண்டது வேறு. பதவியிலிருப்பவனைச் சுற்றி உறவு எப்பொழுதும் நிற்கும். அது அவனுக்குக் கேடயமாக நின்றால் ஊர் கெடும். காவலாக நின்றால் ஊர் வாழும். “நீ தவறினால் எங்களுக்கும் இழுக்கு” என்று உறவே அவனைப் பிடித்து நிறுத்தவேண்டும் என்பதே அவ்விதியின் நோக்கமாக இருந்திருக்கலாம்.

பின்னர் இருவரும் காரியத்தைப் பேசினோம். எடுத்த எடுப்பிற் சபையிற் பிரேரணை கொண்டுவந்து பெயர் வாங்குவது எளிது. அது மாமனாரை ஊர் நடுவே நிறுத்தி அவமதிப்பதாகும். பேசாதிருப்பதும் எளிது, அது பதினொரு வீடுகளையும் வெள்ளத்தில் விடுவதாகும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு, அதுவே அளவு. “முதலில் நில அளவைப் படத்தை எடும். தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கொண்டு வாய்க்காலை முழுவதும், தலையிலிருந்து குளம்வரை அளப்பியும். மாமாவின் சுவரை மட்டும் அளந்தால் அது பகை; மாமாவின் சுவரை விட்டு அளந்தால் அது களவு. எல்லாவற்றையும் அளந்தால் அது நிருவாகம்” என்றேன். அவர் கொப்பியில் எழுதிக்கொண்டார். நல்ல மாணவர், அன்றும் அப்படித்தான்.

இதுவரை கூறியதில் எனக்கொரு பெருமை இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆசிரியனுக்கு அது இயல்பு. அப்பெருமை நிலைத்த நேரம் மிகச் சிறிது.

அவர் விடைபெற்று வண்டியைத் திருப்பும்போது இருட்டிவிட்டது. எங்கள் ஒழுங்கை முனையிலுள்ள விளக்கு வைகாசி முதல் எரியவில்லை. நானும் வாயிலுக்கு வந்து, “தம்பி, போகிற போக்கில் அந்த விளக்கையும் ஒருக்காற் பாரும். நீர் சொன்னால் நாளைக்கே போட்டுவிடுவார்கள்” என்றேன்.

அவர் சற்றுத் தயங்கினார். பின் கொப்பியைத் திறந்து, கைத்தொலைபேசியின் வெளிச்சத்தில் ஒரு பக்கத்தைப் பார்த்தார்.

“அது எழுதியிருக்கிறது, சேர். பதினேழாவது.”

“பதினேழாவதோ?”

“மாலை வகுப்புக்குப் பெண்பிள்ளைகள் போகும் வழிகளையும் ஆஸ்பத்திரி வழியையும் முதலிற் போட்டிருக்கிறேன். மற்றவை முறைப்பாடு வந்த திகதிப்படி. இந்த மாதம் சபையிடம் ஐந்து விளக்குத்தான் இருக்கிறது.” சிறிது பொறுத்து, தலையைத் தாழ்த்திக்கொண்டு, “நீங்கள் சொன்னால் முன்னுக்கு மாற்றலாம், சேர்” என்றார்.

வாசகர்களே, ஒரு நாழிகைக்கு முன் சோழர் காலத்துக் கல்வெட்டை எடுத்துக்காட்டி, உறவுக்காக முறை தவறலாகாது என்று போதித்தவன் நான். ஆசிரியனும் ஓர் உறவே அல்லவா? மாமன் சுவரைக் கேட்டார்; நான் விளக்கைக் கேட்டேன். பொருளின் அளவில் வேறுபாடு உண்டு. கேட்ட முறையில் இல்லை. “வேண்டாம் தம்பி, பதினேழாவதாகவே இருக்கட்டும்” என்றுதான் சொன்னேன். ஆனால் அச்சொல் வெளிவரச் சற்றுத் தாமதமாயிற்று என்பதையும் மறைக்கமாட்டேன்.

அன்றிரவு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சபை கலைந்திருந்த ஈராண்டிலும் நான் சோலைவரி கட்டவில்லை. பணமில்லாமலன்று, யார் கேட்கப்போகிறார் என்னும் அசட்டையினால். மாமனார் சுவரை நீட்டிய அதே கேட்பாரற்ற காலத்தில், நான் கையைச் சுருக்கிக்கொண்டேன். திங்கட்கிழமை பாடசாலைக்குப் போகுமுன் நகரசபைக் கந்தோருக்குச் சென்று நிலுவையைக் கட்டினேன். ஆண்டு முழுவதற்குமான வரியைச் சனவரி 31 ஆம் திகதிக்குமுன் ஒருங்கே செலுத்துவோருக்கு நூற்றுக்குப் பத்து வீதம் கழிவு உண்டென்று அங்கிருந்த எழுதுவினைஞர் எனக்கு நினைவூட்டினார். முகம் கவிழ்ந்தபடி பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டேன்.

வாய்க்கால் அளக்கப்பட்டது. அடைப்பு ஒன்றன்று, நான்கு என்று தெரியவந்தது. மாமனாரின் சுவர் ஒன்று. வேறிரு கடைகளின் படிக்கட்டுக்கள் இரண்டு. நான்காவது சபையே கட்டிய குப்பைத்தொட்டி மேடை! அதைத்தான் முதலில் உடைப்பித்தார் அவர். சபை தன் தவறை முதலிற் திருத்தியபின் மற்றவர்களிடம் பேசுவதற்கு வாய் கிடைத்தது. படிக்கட்டுக்காரர் இருவரும் முணுமுணுத்துக்கொண்டே அகற்றினர். ஐப்பசி முற்பகுதியில் மாமனார் தாமே ஆள் பிடித்துச் சுவரை உள்வாங்கிக் கட்டினார். ஒரு சொல்லும் பேசவில்லை. தீபாவளிக்கு மருமகன் வீட்டுக்கு வரவுமில்லை.

கார்த்திகை பிற்பகுதியில் நாடு முழுவதையும் கலக்கிய டித்வா புயல் வந்தது. அம்மழையில் எந்த வாய்க்காலும் தன் முழு வேலையையும் செய்திருக்க முடியாது. கீழ்ப்புறத்து ஒழுங்கையிலும் முழங்காலளவு வெள்ளம் நின்றது. ஆனால் முன்பு ஒரு கிழமை நின்றது, இம்முறை மறுநாள் மாலைக்குள் வடிந்தது. மூதாட்டியின் கிணற்றுக் கட்டைத் தண்ணீர் தாண்டவில்லை. பார்க்கச் சென்ற அங்கத்தவரிடம் அவர் தேநீர் கொடுத்துவிட்டு, “தம்பி, அடுத்த முறையும் என்ரை வாக்கு உமக்கில்லை; அது வேறை கதை. ஆனால் நீர் செய்தது நல்ல காரியம்” என்றாராம். இதைவிட நேர்மையான நற்சான்றிதழை எந்தச் சபையும் வழங்கியதில்லை.

மாமனார்? அவர் இன்னும் பழையபடி பேசுவதில்லை. தைப்பொங்கலன்று மட்டும் ஒரு தட்டிற் பொங்கலும் பழமும் கொடுத்தனுப்பினார். கொண்டுவந்தவர் அவர் மகள். “அப்பா ஒன்றும் சொல்லவில்லை, கொடுத்துவிடச் சொன்னவர்” என்றாளாம். அங்கத்தவர் இதை என்னிடம் கூறும்போது அவர் குரல் தழுதழுத்தது. பதவி தந்த மாலையை நாம் காண்கிறோம். பதவி வாங்கிக்கொள்ளும் விலை வீட்டுக்குள்ளே செலுத்தப்படுகிறது.

மாணவச் செல்வங்களே, உங்கள் வட்டாரம் எதுவென்று இன்று வீட்டிற் கேட்டறியுங்கள். உங்கள் அங்கத்தவரின் பெயரைக் கொப்பியில் எழுதி வையுங்கள். சபைக் கூட்டங்கள் பொதுமக்களும் சென்று கேட்கத்தக்கவை. விடுமுறையில் ஒருநாள் சென்று அமர்ந்து, யார் பேசுகிறார், யார் கணக்குக் கேட்கிறார் என்று கவனியுங்கள்.

பெரியோர்களுக்கு நான் சொல்ல உரியவனல்லன். என் குற்றத்தை மட்டுமே சொல்லலாம். நல்ல அங்கத்தவர் வேண்டுமென்று விரும்புகிறோம். அவர் நம் வாயிலுக்கு வந்ததும், நம் காரியத்தை முதலில் முடிக்கும் அங்கத்தவர் வேண்டுமென்று விரும்புகிறோம். இவ்விரு விருப்பங்களும் ஒரு மனிதரிடம் ஒருங்கே நிறைவேறா. சுவரை இடிக்கும் துணிவு அவரிடம் இருக்கவேண்டுமாயின், வரிசையில் நிற்கும் பொறுமை நம்மிடம் இருத்தல் வேண்டும்.

மார்கழியில் ஒரு விடியற்காலை, திருவெம்பாவைப் பூசைக்குப் புறப்பட்டு வாயிலைத் திறந்தேன். ஒழுங்கை முனையில் வெளிச்சம் தெரிந்தது. அண்ணாந்து பார்த்தேன். புதிய விளக்கு. முதல் நாள் மாலையிலேயே போட்டுச் சென்றிருக்கிறார்கள்; எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் முறை வந்திருந்தது.